முதலிடம் பாறைக்கு, இரண்டாமிடம் எருமைக்கு

மூங்கில் காட்டுக் குளத்தின் கரையில் ஓர் எருமையும் ஒரு மானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

எருமையின் பெயர் காத்தாயி. மானின் பெயர் துள்ளுமுத்து. கொம்பு கிளை கிளையாக வளர்ந்த ஆண்மான். காட்டின் விளையாட்டுக் கமிட்டிக்கு அதுதான் தலைவர். யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்கக் கூடாது. அதுவே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குளம் வற்றிவிடும். நடுவில் ஓர் ஊற்று மட்டும் மிஞ்சும். அதனால் கோடை தொடங்கியதும் ஒரு போட்டி நடக்கும். அதில் ஜெயித்தவர்தான் விடிந்ததும் முதலில் குடிக்க வேண்டும். அவர் குடித்து முடிக்கும்வரை வேறு யாரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. தோற்றவர்கள் வந்த வரிசைப்படி குடிப்பார்கள். கடைசியில் வருபவருக்குக் கலங்கல்தான் மிச்சம்.

என்ன போட்டி என்று முடிவு செய்வது கமிட்டி. ஒரு வருஷம் ஓட்டம் வைத்தார்கள். மறு வருஷம் தாவல் வைத்தார்கள். அதற்கடுத்த வருஷம் தாவித் தாவி ஓடும் போட்டி வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஜெயித்தது துள்ளுமுத்து!

காத்தாயி எப்போதும் கடைசி. முள்புதரைத் தாண்டச் சொன்னால் அது புதரையே கொம்பில் மாட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் வருஷாவருஷம் குளத்துச் சேற்றைக் காலால் கிளறி ஊற்றைத் திறந்துவிடுவது காத்தாயிதான். கலங்கலைக் குடிப்பதும் காத்தாயிதான். அது ஒரு கோடையைக்கூட மறக்கவில்லை. எருமைக்கு மறதி அதிகம் என்று சொல்கிறவர்கள் எருமையோடு பழகியதில்லை.

"இந்த வருஷம் எனக்கும் ஒரு போட்டி வைங்க தலைவரே!" என்றது காத்தாயி. "அசையாம நிக்கிற போட்டி!"

துள்ளுமுத்து சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த தவளைகள் எல்லாம் ஊற்றுக்குள் குதித்தன.

"நிக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா? விளையாட்டுன்னா ஓடணும்!"

காத்தாயியின் முதுகில் எப்போதும் ஓர் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கும். ஈ பிடித்துத் தின்பது அதன் தொழில். வாய் கொஞ்சம் நீளம்.

"தாவல் போட்டி வெச்சீங்களே, அதுல யாரு ஓடினா?" என்று கேட்டது கொக்கு.

"சரி, கால் தரையை விட்டுக் கிளம்பணும்!"

"ஓணான் தினமும் மரத்துலேருந்து தொப்புன்னு விழுது. அதுக்கும் பரிசு குடுப்பீங்களா?"

"வேர்க்கணும்! உடம்பு வேர்த்தாத்தான் விளையாட்டு!"

"பன்றிக்கு வேர்க்கவே வேர்க்காது. போன வருஷம் ரெண்டாவதா வந்துச்சே! அந்த இடத்தைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"ஏய், என்னை ஏன் இழுக்கிறே?" என்றது பன்றி.

"பார்க்கிறவங்க கை தட்டணும்!" என்று கத்தியது துள்ளுமுத்து.

"இந்தக் காட்டுல குரங்குக்கு மட்டும்தானே கை இருக்கு!"

எல்லா விலங்குகளும் சிரித்தன. துள்ளுமுத்துவுக்குக் கோபம் வந்தது. பக்கத்திலிருந்த பெரிய பாறையைக் கொம்பால் தட்டிக் காட்டியது.

"நிக்கிறது விளையாட்டுன்னா இந்தப் பாறைதான் சாம்பியன்! இதையும் சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்கங்க. நீங்களும் வாங்க!" என்றது காத்தாயி. "நான் உங்ககிட்ட தோத்தா இந்தக் கோடை முழுக்க ஊற்றுப் பக்கமே வர மாட்டேன். முதலை இருக்கிற ஆத்துக்குப் போயிடறேன்."

கொக்கு வாயைப் பிளந்தது. "அக்கா! அங்கே முதலை இருக்குக்கா!"

"நீ சும்மா இரு. கலங்கலைக் குடிச்சுக் குடிச்சு என் வயிறே குளமாயிடுச்சு."

துள்ளுமுத்து நெஞ்சை நிமிர்த்தியது. "பொறந்த அன்னைக்கே எழுந்து நின்னவன் நான்! வா பாத்துக்கலாம்!"

வாலப்பன் என்ற குரங்கு நடுவராக வந்தது. துள்ளுமுத்து தும்மினால்கூட "ஆகா!" என்று பாராட்டும் குரங்கு அது. விதியை அறிவித்தது.

"மருத மர நிழல் பாறையைத் தொடும்வரை நிக்கணும். மூச்சு விடலாம். கண் இமைக்கலாம். வேற எது ஆடினாலும் அவுட்! கொக்கு கீழே இறங்கணும். ஈ பிடிக்க ஆள் வெச்சுக்கக் கூடாது!"

கொக்கு முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

போட்டி தொடங்கியது. நடுப்பகல் வெயில். முதலில் ஈக்கள் வந்தன. காத்தாயியின் காதில் உட்கார்ந்தன. அதன் வால் தானாகவே எழும்பப் பார்த்தது. காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு வாலை அடக்கியது. பாறை மேலும் ஈக்கள் உட்கார்ந்தன. பாறை கண்டுகொள்ளவே இல்லை.

துள்ளுமுத்துவின் மூக்கு அரித்தது. பிறகு காது அரித்தது. பிறகு வாலுக்கு அடியில், சொல்லக் கூடாத இடத்தில் அரித்தது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"வேர்க்குது! தலைவருக்கு வேர்க்குது!" என்று கூவியது கொக்கு. குரங்குக் கூட்டம் நடுவர் யார் பக்கம் என்பதை மறந்து கை தட்டியது.

அப்போது மரத்திலிருந்து ஒரு சருகு விழுந்தது. சரக்!

துள்ளுமுத்து அடுத்த நொடி இரண்டு புதர் தள்ளி நின்றது.

"அவுட்! அவுட்!" காடே கத்தியது.

நிழல் பாறையைத் தொட்டது. காத்தாயி அப்படியே நின்றது. முடிந்துவிட்டது என்று கொக்கு வந்து கொத்திச் சொன்ன பிறகுதான் வாலை வீசியது. ஒரே வீச்சில் ஈக் கூட்டமே பறந்தது.

துள்ளுமுத்து புதரிலிருந்து தலையை நீட்டியது. "பாறை இன்னும் ஆடலையே! பாறைக்குத்தான் முதலிடம்! எருமைக்கு ரெண்டாமிடம்!"

"ஆகா! சரியான தீர்ப்பு!" என்றது வாலப்பன்.

கொக்கு குதித்தது, திட்டியது, மண்ணை வாரி இறைத்தது. காத்தாயி மட்டும் மெதுவாக அசை போட்டது.

மறுநாள் விடிந்தது. ஊற்றைச் சுற்றி எல்லா விலங்குகளும் நின்றன. துள்ளுமுத்து வழக்கம்போல் முதல் ஆளாகத் தண்ணீரில் வாய் வைக்கப் போனது.

"நில்லுங்க தலைவரே!" என்றது காத்தாயி. "ஜெயிச்சவர் இன்னும் குடிக்கலையே!"

துள்ளுமுத்து திரும்பிப் பாறையைப் பார்த்தது. பாறை வந்து குடிக்கிற மாதிரித் தெரியவில்லை.

சூரியன் ஏறியது. நாக்குகள் வெளியே தொங்கின. பன்றி பாறையை முட்டித் தள்ளிப் பார்த்தது. பாறை நகரவில்லை. பன்றியின் தலைதான் வீங்கியது. வாலப்பன் ஓர் இலையில் தண்ணீர் மொண்டு வந்து பாறை மேல் ஊற்றியது. அது வழிந்து மண்ணில் போனது.

"குடிக்கலை. வழியுது," என்றது கொக்கு.

நடுப்பகலில் துள்ளுமுத்து பாறையின் முன்னால் மண்டியிட்டது. "அண்ணே! சாம்பியன் அண்ணே! ஒரு வாய் குடிங்கண்ணே! எங்க தொண்டை ஒட்டுது!"

அண்ணன் வாய் திறக்கவில்லை.

"பாறையா விளையாடினது?" என்று பன்றி உறுமியது. "உண்மையைச் சொல்லுங்க தலைவரே, இல்லேன்னா அடுத்த முட்டு உங்களுக்கு!"

"விளையாடலை!" என்று அலறியது துள்ளுமுத்து. "பாறைக்கு ஈ கடிச்சாத் தெரியாது! அரிச்சாத் தெரியாது! அதால தோக்கவே முடியாது, அப்புறம் எப்படி ஜெயிக்கும்? அதை நீக்கிட்டேன்!"

"அப்போ நான்?" என்றது காத்தாயி.

துள்ளுமுத்து எச்சில் விழுங்கப் பார்த்தது. எச்சிலே இல்லை. "நீ... நீ விளையாடினே. நானும் விளையாடினேன். நீ ஜெயிச்சே."

"கொஞ்சம் சத்தமா!"

"காத்தாயி ஜெயிச்சா!"

காத்தாயி ஊற்றுக்குள் இறங்கியது. தெளிந்த தண்ணீரை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தது. ஒவ்வொரு கோடையையும் நினைத்து நினைத்துக் குடித்தது. குடித்து முடித்ததும் அதிலேயே சுகமாகப் படுத்துப் புரண்டது.

"இப்போ குடிங்க தலைவரே!" என்றது.

துள்ளுமுத்து கண்ணை மூடிக்கொண்டு கலங்கலைக் குடித்தது.

தோற்கக்கூடிய இடத்தில் துணிந்து நின்று பாடுபடுவதுதான் விளையாட்டு. தான் ஜெயிப்பதை மட்டும் விளையாட்டு என்று சொல்கிறவர் ஒரு நாள் கலங்கல் தண்ணீர் குடித்தே தீர வேண்டும்.