மைக்கறையைப் படித்த ராயசம்

‘கிறீச்... கிறீச்...’

அரண்மனை வாசலை மிதிக்கும் முன்பே இந்தச் சத்தம் காதில் விழும். மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னொரு காலத்தில் கருவேலங்கோட்டையை ஆண்ட வீரகண்ட ராஜா கையெழுத்துப் போடுகிற சத்தம் அது. காகிதத்தோடு நிறுத்தினாரா? தூண், கதவு, தலையணை, பட்டத்து யானையின் தந்தம் என்று எதையும் விடவில்லை. மழைக்குப் பஞ்சமான அந்த நாட்டில் மைக்குப் பஞ்சமே கிடையாது.

அரசாணை எழுதும் அதிகாரிக்கு ராயசம் என்று பெயர். அந்த ராயசம் மருதப்பருக்கு ராஜா கோணல் கோடு கிழித்தாலும் பரவசத்தில் கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் அந்தக் கண் இருந்த இடம் வேறு. சலவைக்காரி பூவாயியின் ஆற்றுத்துறையைப் பறித்துத் தன் மைத்துனனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் ராஜாவின் வெள்ளை மேலாடையில் உள்ளங்கை அகலத்துக்கு மைக்கறை. பூவாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

“ஏ பூவாயி! இது ராஜ மை. அழித்தால் அரசாணையை அழித்த குற்றம், உன் கை போகும். அழிக்காவிட்டால் வேலை தெரியாத குற்றம், உன் துறை போகும்” என்றார் ராயசம்.

“ஆகா, என்ன மூளை!” என்றார் ராஜா. சபையும் “ஆகா” என்றது. அதற்குத்தானே அவர்களுக்குச் சோறு.

பூவாயி கும்பிட்டாள். “ஆணைன்னா கட்டுப்படுறேன் சாமி. எனக்கு எழுத்துத் தெரியாது. ஐயாவே படிச்சுச் சொல்லட்டும்.”

ராயசம் மேலாடையைக் கையில் வாங்கினார். ஆணை என்று சொல்லியாயிற்று, இனிக் கறை என்று சொல்ல முடியுமா? துணியைத் தூக்கிப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். “பூவாயியின் துறையை... ராயசத்தின் மைத்துனனுக்குக் கொடுக்கவும்.”

“ஐயா தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.”

அவசரமாகத் திருப்பினார். “ஆமாம், ஆமாம். கூடவே ரெண்டு கழுதையும் கொடுக்கவும்.”

பூவாயி ராஜா பக்கம் திரும்பினாள். “மகாராசா, நீங்கதான் இப்படி எழுதினீங்களா?”

“எழுதவாவது! பேனாவும் கையுமாக இருக்கும்போது தும்மினேனம்மா!”

“பார்த்தீங்களா சாமி? நீங்க தும்மினதுக்கே மச்சானுக்குத் துறை எழுதிக்கிட்டாரு. ஒருநாள் இருமினீங்கன்னா கோட்டையே போயிடும்.”

சபை முதல்முறையாகச் சொந்தமாகச் சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது. தன் கிறுக்கலை ஆணை என்றதும் பல்லைக் காட்டியது தானும்தானே!

பூவாயி எலுமிச்சையும் உப்பும் கேட்டு வாங்கினாள். “கடுக்காயும் அன்னபேதி உப்பும் போட்டுக் காய்ச்சின மை. புளிப்புக்கு விட்டுடும். தேய்ச்சா பரவும், ஒத்தித்தான் எடுக்கணும்.” முற்றத்து வெயிலில் நாலைந்து முறை பிழிந்து ஒத்தி அலசினாள். ராஜ மை எந்த மரியாதையும் பார்க்காமல் கரைந்து போனது.

“ராயசம்! ஒரு கூடை எலுமிச்சையை எடும். தூண், கதவு, தந்தம்... என் பெயர் இருக்கிற இடமெல்லாம் உம் கையாலேயே துடையும்” என்றார் ராஜா. “பூவாயி, துறை உனக்கே. இதோ, எழுதியே தருகிறேன்” என்று பேனாவைத் தேடினார்.

“ஐயோ, வாயால சொன்னாப் போதும் சாமி! நீங்க எழுதினா மறுபடி நான்தானே துவைக்கணும்?”

துறைக்குத் திரும்பினாள். சேனாபதி வீட்டு அழுக்கு மூட்டை அவிழ்க்காமல் கிடந்தது. அவிழ்த்து, துணி வெளுக்கும் உவர்மண்ணைக் கரைத்து, முதல் வேட்டியை முக்கினாள்.