மின்னி மறைத்த பசி

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு குதிரைக் கூட்டம் மேய்ந்து வந்தது, குழந்தைகளே. அந்தக் கூட்டத்தில் மின்னி என்ற பெண் குதிரை தன் முதல் குட்டியை ஈன்றது.

குட்டி மடியை முட்டி முட்டிக் குடித்தது. நாலு வாய் குடிப்பதற்குள் பால் நின்றுவிட்டது. மறுபடியும் முட்டியது. ஒன்றும் வரவில்லை.

மின்னிக்குத் தன் தாயின் நினைவு வந்தது. அதன் தாய்க்கும் பால் குறைவுதான். மின்னிக்கு முன்னால் பிறந்த அண்ணன், குட்டியாக இருக்கும்போதே காணாமல் போனது. எப்படி என்று தாய் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

"உன் குட்டி ஏன் எந்நேரமும் படுத்தே கிடக்கிறது?" என்று கருமணி என்ற குதிரை கேட்டது. கருமணிக்கும் அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. அதன் மடியில் பால் தானாகவே சொட்டும்.

"வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறது, அக்கா" என்று பொய் சொன்னது மின்னி.

அதற்குப் பிறகு மின்னி யார் கண்ணிலும் படாமல் புதர் ஓரமாகப் போய்ப் பால் கொடுத்தது. ஒரு சாயங்காலம் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"பால் போதவில்லையா, தங்கச்சி?"

எட்டிப் பார்த்தது ஒரு கழுதைப்புலி. மின்னி குட்டியை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டது.

"பயப்படாதே, எனக்கு வயதாகிவிட்டது. உங்கள் வம்சமே இப்படித்தான். கூட்டத்துக்குத் தெரிந்தால் உன்னை விரட்டிவிடுவார்கள். அதோ, அந்தப் பாறை இடுக்கில் ஒரு புல் முளைக்கிறது. தின்றதும் பால் ஊறும். ஊறிய உடனே குட்டி குடிக்க வேண்டும். நாளைக்கு அதையும் கூட்டிக்கொண்டு வா. யாரிடமும் சொல்லாதே."

மறுநாள் குட்டியால் நேராக நிற்கவே முடியவில்லை. மின்னி அதை மெல்ல மெல்ல முகத்தால் தள்ளிக்கொண்டு பாறை இடுக்குக்குள் போனது.

அங்கே புல் இல்லை. எலும்புகள் கிடந்தன. எல்லாம் சின்ன எலும்புகள்.

திரும்பிப் பார்த்தால், கழுதைப்புலி வழியை மறித்து நின்றது.

"உன் தாயும் குட்டியோடு இங்கேதான் வந்தாள்" என்றது அது, சாவகாசமாக. "அவளும் யாரிடமும் சொல்லவில்லை."

மின்னி கனைக்க வாயைத் திறந்தது.

"தாராளமாகக் கூப்பிடு. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வாய்? பேசாமல் குட்டியை விட்டுவிட்டுப் போ. உன் தாய் அப்படித்தான் போனாள்."

மின்னியின் வாய் மூடிக்கொண்டது. அந்நேரம் குட்டி கால் மடங்கி மின்னிமேல் சாய்ந்தது. சாய்ந்ததில் கொஞ்சமும் கனமில்லை. கழுதைப்புலியைவிட அதுதான் மின்னியை அதிகம் பயமுறுத்தியது.

பாறை அதிர மின்னி கனைத்தது. "எனக்குப் பால் இல்லை. என் குட்டி சாகிறது. எல்லோரும் வாருங்கள்."

கழுதைப்புலி பாய்ந்தது. மின்னி குட்டியை மறைத்து நின்று பின்னங்காலால் உதைத்தது. மின்னியின் தொடை கிழிந்து ரத்தம் வழிந்தது. கழுதைப்புலி மறுபடியும் பதுங்கியபோது, குளம்புச் சத்தம் இடிபோல் நெருங்கியது. முன்னால் ஓடிவந்தது கருமணி. கூட்டத்தைக் கண்டதும் கழுதைப்புலி பாறைமேல் தாவி ஓடிவிட்டது.

மின்னி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. "என் தாய்க்கும் பால் இல்லை, எனக்கும் இல்லை. விரட்டிவிடுவீர்கள் என்று பயந்தேன், அக்கா."

"என் தாய்க்குப் பால் பொங்கும், அது அப்படியே எனக்கு வந்தது. நானா தேடிக்கொண்டேன்? உனக்கு வந்ததும் அப்படி வந்ததுதானே" என்றது கருமணி. "குட்டியை இங்கே அனுப்பு."

கருமணியின் குட்டி முதலில் முறைத்தது. பிறகு விலகி இடம் விட்டது. மின்னியின் குட்டி தட்டுத்தடுமாறிப் போய் வாய் வைத்தது. கடைவாயில் நுரை வழிய வழிய அது குடிப்பதை மின்னி பார்த்துக்கொண்டே நின்றது.

நீதி: பிறப்பில் வந்த குறையை மறைத்தால் பகைவன் தேடி வருவான்; வாய்விட்டுச் சொன்னால் துணை ஓடி வரும்.