தலைவர் மீசைக்கு வந்த நோவு

கீழப்பொட்டல் மீசை வளர்ப்போர் சங்கத்தில் உறுப்பினர்கள் மூன்றே பேர்தான். ஆனால் மூன்று பேருக்குமே தலைவராக ஆசை. தொடங்கிய அன்றே சங்கம் கைகலப்பில் முடிந்திருக்கும். நல்லவேளை, கொம்பையா தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த கெளுத்தி மீனைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சுண்டுவிரல் அகலம்தான். மீசையோ இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்குகிறது. முகத்துக்கு எத்தனை பங்கு மீசை என்று பார்த்தால் அந்த வட்டாரத்திலேயே அதற்கு ஈடு கிடையாது. எனவே கெளுத்தி தலைவராயிற்று. சுடலைமுத்து செயலாளர், கொம்பையா பொருளாளர். சங்கமென்றால் உறுப்பினர் என்று ஒருவராவது வேண்டுமே என்று ஆழ்வாரப்பனை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சங்க விதிகளைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். மீசை இல்லாதவன் சங்க அறைக்குள் கால் வைக்கக் கூடாது. தலைவர் மீசையை மற்றவர் மீசை மிஞ்சக் கூடாது. எதையும் தலைவரிடம் கேட்டே செய்ய வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம். தலைவர் இதுவரை எதையும் மறுத்ததில்லை. இப்படி ஒரு தலைவர் அமைய எத்தனை சங்கத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

மாவட்டச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை வந்து கிளைக்கு அங்கீகாரம் தருவதாக இருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் கொம்பையா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயோ, தலைவர் மீசை பாதியா தேஞ்சு போச்சுவே!"

"மீசை போனா பதவி போயிருமே" என்றார் சுடலைமுத்து.

"பதவி போனா வெறும் கெளுத்திதாம்வே. பக்கத்து ஓட்டல்காரன் இப்பவே புளியக் கரைச்சிட்டு உக்காந்திருக்கான்" என்றார் கொம்பையா. பிள்ளை மாதிரி வளர்த்தவர். அந்த மீன் குழம்பாவதை நினைக்கவே அவரால் முடியவில்லை.

மூவரும் பேருந்து நிலையத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாக்காவிடம் ஓடினார்கள்.

"தொட்டிக்கு அடியில என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"தலைவர் அந்தஸ்துக்கு ஏத்த மாதிரி, ரோட்டுக்குப் போடுற கருங்கல் ஜல்லி, அக்கா."

"கூறுகெட்ட மனுசங்களா! கெளுத்தி மீசையாலதான தரையத் தடவித் தடவி இரை தேடும்? ஜல்லியில உரசுனா தேயாம என்ன செய்யும்? அத எடுத்துட்டு ஆத்து மணலக் கழுவிப் போடுங்க. உங்க மீசைய வச்சுத் தேச்சாலும் நோகாத மணலாப் பாருங்க. தண்ணியில மூணுல ஒரு பங்க மாத்துங்க. புதுத் தண்ணிய ஒரு நாள் வெளிய வச்சிருந்து ஊத்துங்க, குழாய்த் தண்ணி மருந்து வாடை போகட்டும். ஒரு நாள் பட்டினி போடுங்க. நோவுன்னு உப்பக் கொண்டு கொட்டிராதீங்க, கெளுத்திக்கு ஆகாது. தொட்டிக்கிட்ட சத்தம் போடாதீங்க. மீசை தானா வளரும்."

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் துணி துவைத்தவர்கள் ஒரு காட்சி கண்டார்கள். மூன்று பெரிய மனிதர்கள் மண்டியிட்டு, மூக்கை மணலில் புதைத்து, மீசையை இழுத்துக்கொண்டு தவழ்ந்துபோனார்கள்.

"இந்த இடம் குத்துதுவே."

"இங்கன வாரும், பஞ்சு மெத்தை தோத்துரும்."

மூக்கில் மணல் ஏறி மூவரும் தும்மித் தீர்த்தாலும் மணல் என்னவோ நல்ல மணலாகவே கிடைத்தது.

அடுத்தது தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு சரி, எந்தப் பங்கு?

"மேல் பங்கு சுத்தமாத்தான இருக்கு? அத எதுக்கு மாத்தணும்?" என்றார் சுடலைமுத்து.

"அடிப் பங்குல தலைவர் குடியிருக்காரு. அதுல கை வைக்கப்பிடாது" என்றார் கொம்பையா.

"அப்பம் நடுப் பங்குதான்" என்று தீர்ப்புச் சொன்னார் ஆழ்வாரப்பன்.

அப்படியே மேல் பங்கைப் பத்திரமாகக் குடத்தில் மொண்டு வைத்தார்கள். நடுப் பங்கை வாளியில் மொண்டு வாய்க்காலில் ஊற்றினார்கள். புதுத் தண்ணீரை நடுவில் விட்டு, குடத்துத் தண்ணீரை அதன் தலைமேல் மெதுவாக ஊற்றி, இடம் மாறவில்லையே என்று குனிந்து பார்த்தும் கொண்டார்கள்.

அந்தப் புதுத் தண்ணீர் முந்தின நாள் முழுக்க வாசலில் நின்றது. தனியாக நின்றால் அதற்கு ஏக்கமாக இருக்குமென்று ஆழ்வாரப்பனும் கூடவே வெயிலில் நின்றார். தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் தலை சுற்றியது.

பட்டினியில் இன்னொரு சிக்கல். தலைவர் சாப்பிடாமல் தொண்டர்கள் சாப்பிடலாமா? மூவரும் பட்டினி கிடந்தார்கள். பசியோடு சேர்ந்து தலைவர் நிலைமையும் உறைக்க, கொம்பையா தொட்டிக்கு மேலே குனிந்து விம்மினார்.

"கண்ணீர் உப்புவே! தலைவருக்கு ஆகாது!" என்று சுடலைமுத்து பாய்ந்து தொட்டிக்குக் குடை பிடித்தார். அதன்பின் கொம்பையா குடைக்கு இந்தப் பக்கம் நின்றே அழுதார்.

சனிக்கிழமை ஜெசிந்தாக்கா மீனைப் பார்க்க வந்தாள். உள்ளே அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சத்தம் கூடாதல்லவா, மூன்று பேரும் குரலே இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் தலைவரும் அதையே செய்தார். எது தொட்டி, எது அறை என்று அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"மீன் தேறிட்டுது. மீசை நுனி துளிர்க்குது. முழுசா வளர ஒரு மாசமாகும்" என்றாள்.

"நாளைக்குள்ள வளராதாக்கா?" என்று கிசுகிசுத்தார் கொம்பையா.

"அத உங்க தலைவர்ட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கேட்டார்கள். தலைவர் பேசவில்லை. சம்மதம்! மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் மீசை நேற்று இருந்த அளவுதான்.

"சொன்ன சொல்லக் காப்பாத்தலியே" என்றார் ஆழ்வாரப்பன்.

"தலைவர்னா அப்படித்தாம்வே இருப்பாங்க" என்றார் சுடலைமுத்து. "இப்பம் நம்ம மீசை அவரு மீசைய மிஞ்சி நிக்கி. மாவட்டத்துக்காரங்க கண்ணுல பட்டா அவர இறக்கிருவாங்க. என்ன செய்ய?"

கொம்பையா யோசிக்கவே இல்லை. "எடுத்துருவோம்வே. மசுரு போனா வளரும், தலைவர் போனா வருவாரா?"

எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீசை வைத்திருந்த ஆழ்வாரப்பனைப் பார்த்து அவர் மனைவி, "அவரு வீட்டுல இல்ல, பெறகு வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்கு மாவட்டத் தலைவர் வீரபெருமாளின் மீசை வந்தது. சற்றுப் பின்னால் வீரபெருமாள் வந்தார்.

"உறுப்பினரெல்லாம் எங்க?"

"நாங்கதான் ஐயா."

அவர் மொட்டை முகங்களைப் பார்த்தார். சுவரிலிருந்த முதல் விதியைப் பார்த்தார். "மீசை இல்லாதவனுக்கு இங்க என்ன சோலி? வெளிய போங்கய்யா!"

மூவரும் வெளியேறினார்கள். விதி விதிதானே. வீரபெருமாள் தொட்டியருகே குனிந்தார். கெளுத்தி கண்ணாடியோரம் வந்து, இருந்த துண்டு மீசையை ஆட்டியது.

"இந்த ஊர்லயே மீசைய விடாம வச்சிருக்கவரு இவரு ஒருத்தருதான்யா!" என்று நெகிழ்ந்துபோய்த் தொட்டிக்கு மாலை போட்டு, கிளைக்கு அங்கீகாரமும் கொடுத்துவிட்டுப் போனார்.

கொம்பையா ஆனந்தக் கண்ணீர் விட்டார். வெளியே நின்றதால் குடை தேவைப்படவில்லை.

ஆனால் உள்ளே எப்படிப் போவது? சுடலைமுத்து வாசலில் நின்று, "தலைவரே, எங்கள உள்ள சேத்துக்கலாமா?" என்று கேட்டார். தலைவர் பேசவில்லை. "சம்மதம்!" என்று வலது காலை உள்ளே வைத்தார்.

"பொறும்வே" என்றார் ஆழ்வாரப்பன். "ஒரு பக்கமாக் கேட்டா நியாயமில்ல. தலைவரே, எங்கள வெளியவே நிறுத்திரலாமா?"

தலைவர் அதற்கும் பேசவில்லை.

இரண்டுமே தலைவர் உத்தரவு. எதையும் மீற முடியாது. அதனால் இன்றைக்கும் மூன்று பேரும் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து வாசற்படியில்தான் நிற்கிறார்கள். இரை போடக் கை எட்டவில்லையென்று தொட்டியையும் குடைக் கொக்கியால் அங்கேயே இழுத்துப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துவிட்டார்கள். தலைவர் உள்பக்கம் நீந்தினால் கூட்டம் தொடங்கியது என்று கைதட்டுகிறார்கள். வெளிப்பக்கம் நீந்தினால் கூட்டம் முடிந்தது என்று கைதட்டுகிறார்கள். தொட்டிக்கிட்ட சத்தம் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள் அல்லவா, கையோடு கை படாமல்தான் தட்டுகிறார்கள்.