பின் ஷட்டரின் வயர்

ரெஜினாவிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனபோது உலகநாதனுக்கு ஐம்பத்துமூன்று வயது. மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரியுமா? அவளுக்கு முப்பத்தாறுதான். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், இப்போது போடியில் ஏலக்காய்க் கிடங்குகளுக்கு அலாரம் மாட்டிக் கொடுக்கிறாள். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார்.

அவளிடம் அவரைச் சேர்த்துவிட்டது தவசி. அதில் ஒரு கிடங்கின் காவலாளி.

அந்தத் தவசியைத்தான் இப்போது போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கிடங்கில் ஆறு மூட்டை ஏலக்காயைக் காணோம். பின் ஷட்டரின் அலாரம் அடிக்கவில்லை. அலாரம் பெட்டியின் பதிவில் அது திறந்ததாகவே இல்லை. அப்படியானால் முன்வாசல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். முன்வாசலுக்கு அலாரம் கிடையாது, தவசிதான் காவல்.

"வயரும் சரி, பெட்டியும் சரி" என்று, அதை மாட்டின உலகநாதன் ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். போட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கிடங்கில் வைத்து ரெஜினாவிடம் கேட்டார்.

"அலாரம் பொய் சொல்லுமா டீச்சர்?"

"பெட்டி முன்னால உட்காருங்க. விளக்கு மாறினா சத்தமாச் சொல்லுங்க" என்றாள். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"வயரை வெட்டறேன்!"

அலாரம் அலறியது. "சிவப்பு, டீச்சர்!"

வெட்டினதைத் திரும்ப ஒட்டினாள். விளக்கு பச்சைக்கு வந்தது. அவர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப?"

"பச்சை!"

"நல்லாப் பாருங்க."

"அட, பச்சைதாங்கிறேன்!"

"அப்ப எந்திரிச்சு இங்க வாங்க."

போனார். பின் ஷட்டர் ஆள் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. ரெஜினா வெளியே வெயிலில் நின்றாள். சுவரோரம் ஓடும் வயரின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் தோலுரிந்து ஒன்றாக முறுக்கியிருந்தன.

"முறுக்கினது நான். தோலை நான் சீவலைண்ணே, முன்னமே சீவியிருந்துச்சு."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி பிளேடு வச்சா கடிக்கும்?"

அவர் குனிந்து பார்த்தார். வெட்டு நேராக இருந்தது.

"பெட்டி ஓயாம வயர்ல கொஞ்சம் கரண்டை அனுப்பிக்கிட்டே இருக்கு. ஷட்டருக்கு மேல, கடைசி முனையில ரெசிஸ்டர் இருந்து அதுக்குப் பதில் சொல்லணும். ஷட்டரைத் திறந்தாலோ, வயர் அறுந்தாலோ பதில் வராது. நடுவுல முறுக்கினா பதில் மாறிப்போகும். எது நடந்தாலும் பெட்டி கத்தியாகணும். ரெசிஸ்டரை எங்க வச்சீங்க?"

மாட்டின அன்றைக்கு ஷட்டரை ஒட்டி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். ஏணி போட இடமில்லை. முனையில் வைத்தால் என்ன, பெட்டியில் வைத்தால் என்ன, பச்சை எரிந்தால் சரிதானே என்று நினைத்துவிட்டார்.

"பெட்டிக்குள்ளயே வச்சுட்டேன்."

"அப்ப முறுக்கின இடத்துலயே கரண்டு திரும்பிருது, வயரோட முனைவரைக்கும் போகவே இல்லை. பெட்டி தன்னையே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நானும் ஏறிப் பார்க்கலை. விளக்கைப் பார்த்துட்டுச் சரின்னுட்டேன்" என்றாள்.

"ஏணி கொண்டாரேன் டீச்சர். இப்பவே மாத்தி வச்சிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?" சொல்லி முடிக்குமுன் அவருக்கே நாக்கூசியது. சீ, என்ன மனுஷன் நான்!

ரெஜினா கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

"எதையும் தொடாதீங்க. போலீஸ் வந்து இப்படியே பார்க்கட்டும்." ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்டாள். "தவசியண்ணன் என்ன சொன்னார்?"

"எப்ப?"

"நீங்க எழுதிக் கொடுக்கப் போனப்ப. அதே ஸ்டேஷன்லதானே உட்கார வச்சிருந்தாங்க?"

"பெஞ்சுல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டான். நான் திரும்பலை. பெட்டியே பச்சைன்னு சொல்லிருச்சு, இவன்கிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறதுன்னு இருந்துட்டேன்."

"பெட்டி யாரைக் கேட்டுச் சொல்லுச்சுண்ணே?"