வேரோட வந்த மூணாவது பயிர்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால கொன்றைநாடுன்னு ஒரு சீமை. அதை மகுடவர்மன்னு ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனா எதையும் உடனே கண்ணால பாக்கணும் அவனுக்கு. ஒரு தடவ கோயில் தேர் செய்யச் சொல்லிட்டு, பாதியிலயே ஏறி உக்காந்து... சரி, அது வேற கதை.

அந்த வருஷம் நெல்லுல குலைநோய் வந்து சீமையே கருகிப்போச்சு. அரண்மனையிலேருந்து ரெண்டு நாள் நடைதூரத்துல ஒரு பாடசாலை. அங்க உலகம்மைன்னு ஒரு பண்டிதை. அவ வயல்ல மூணே மூணு பயிர் மட்டும் நோவு தட்டாம பச்சையா நின்னுச்சு.

அவ சபைக்கு வந்து, "அரசே, அது முத்தினா விதை எடுக்கலாம். சீமைக்கே சோறு"ன்னா.

"நிலம் தர்றேன், கிணறு தர்றேன், நாலு ஆள் தர்றேன்"னான் ராஜா.

சபையில விருபாட்சர்னு ஒருத்தர். இந்த வேலை தன் மருமகனுக்குக் கிடைக்கலையேன்னு அவருக்கு வயித்தெரிச்சல். ஒப்பந்த ஓலையில ஒரு வரி சேத்தாரு: 'பதினஞ்சு நாளைக்கொருக்கா ஒரு பயிரை வேரோட கொண்டாந்து சபையில காட்டணும். தவறினா நிலமும் போச்சு, பாடசாலையும் போச்சு.'

"ஐயா, மூணுதானே இருக்கு!"ன்னா உலகம்மை.

"அரண்மனைச் சோறு தின்னா, அரண்மனைக்குக் கணக்கு காட்டணும் தாயி."

மொதப் பயிர் வந்துச்சு. "அடடா, என்ன வேரு!"ன்னு சபையே கைதட்டுச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. அதுக்கும் கைதட்டுனாங்க.

மூணாவது கெடுவுக்கு மொத நாள். மந்திரி சாத்தப்பர் விடியக்காலமே மடப்பள்ளிக்குப் போயி என்னமோ சொல்லிட்டு வந்தாரு. ரெண்டு நாழிகைக்கொரு தடவ பரிசாரகன் உறை ஊத்தின பானையிலேருந்து ஒரு கரண்டி பாலோட சபைக்கு வந்தான். "தயிர் உறையுது மகாராஜா, பாருங்க!" ராஜாவும் "பேஷ், பேஷ்"னான்.

என் நாத்தனாரும் இப்படித்தான், இட்லிப் பானையை நிமிஷத்துக்கொரு தடவ தொறந்து பாப்பா. ஒருநாளும் வெந்த இட்லி தின்னதில்ல, பாவம்.

ராச்சாப்பாட்டுக்கு உக்காந்தா, கிண்ணத்துல வெறும் பாலு.

"எங்கடா தயிரு?"

"இன்னிக்கு மட்டும் பதினாலு தடவ காட்டினோமே அரசே! ஓலையில எழுதி வச்சிருக்கோம்"னாரு சாத்தப்பர்.

"கலக்கிக்கிட்டே இருந்தா எப்படிய்யா உறையும்?"

"பிடுங்கிக்கிட்டே இருந்தா எப்படி அரசே விளையும்?"

ராஜா மூஞ்சி செத்துப்போச்சு. மறுநாள் சபையில விருபாட்சர் தலைப்பாகையக் கழட்டி, அவரு கையாலேயே அந்த ஓலையக் கிழிக்க வச்சான். தன் கழுத்து முத்துமாலையக் கழட்டி சாத்தப்பர்கிட்ட நீட்டினான்.

"வேணாம் அரசே. ரெண்டு தடவயும் நானும்தானே கைதட்டினேன்."

"போகட்டும்யா, ஒண்ணு மிச்சமிருக்கே! குதிரைய அனுப்பு, பிடுங்க வேணாம்னு சொல்லு!"

அதுக்குள்ள வாசல்ல காவக்காரன் கும்பிட்டு நின்னான். பின்னால உலகம்மை. ரெண்டு நாள் நடந்த புழுதி காலோட, ஈரத்துணியில சுத்துன பயிரோட. சொன்ன கெடு தப்பாம வந்துட்டா. கதிர்ல அப்பத்தான் பால் புடிச்சிருந்துச்சு.



அவ கேட்டா: "போன தடவ இந்தத் தூணோரம் வச்சேன். இதையும் அங்கேயே வச்சிடட்டுமா, மகாராஜா?"