தலையில் தோன்றியதெல்லாம்

கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனி நடத்திய குப்புராஜுக்கு, வெளியாளான தமயந்தி புது மாதிரி சாய்வு கிரைண்டர் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தாள். டிசைன் யாருக்குச் சொந்தம் என்று அப்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிரைண்டர் சக்கைப்போடு போட்டது. பெங்களூர்க்காரர் ஒருவர் டிசைனையே விலைக்குக் கேட்டு வந்தார்.

"எல்லாம் நம்ம மூளைதானுங்க!" என்று மார்தட்டினார் குப்புராஜ்.

"கூட வேலை பார்த்தவங்க கையெழுத்தும் வேணுமே" என்றார் வந்தவர்.

சும்மா கோடு போட்ட பொண்ணு என்று சொல்லித் தமயந்தியை வரவழைத்து, குப்புராஜ் ஒரு பத்திரத்தை நீட்டினார். "எங்க வேலையைச் செய்யறப்ப உன் தலையில தோணுனதெல்லாம் கம்பெனி சொத்து. கையெழுத்துப் போடு அம்மிணி."

"எல்லாமேங்களா?"

"ஒண்ணு விடாம!"

"அப்ப இதையும் சேர்த்துக்குங்க. வரையறப்பவே எனக்கு ஒண்ணு தோணுச்சுங்க. இந்த மனுசன் ஒரு கோடுகூடப் போடாம, தானே வரைஞ்சதாச் சொல்லி வித்துப்போடுவாருன்னு."

பெங்களூர்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினார். "நான் இந்த அம்மாகிட்டயே பேசிக்கிறேன்" என்றார். ஒப்பந்தம் தமயந்தி பெயரிலேயே ஆனது.

குப்புராஜ் வாசல்வரை அவள் பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மிணி, உனக்குத் தோணுனதை வெளியில யார்கிட்டயும் சொல்லிப்போடாதே."

"அது உங்க சொத்துங்களே! உங்களைக் கேக்காம நான் எப்படிங்க சொல்லுவேன்?"