பிள்ளை இல்லாத வண்டிக்கு வழிவிட்ட கதை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் அப்படிப்பட்டவர். என் அக்காவின் கணவர், சிவக்கொழுந்து அத்தான். தெருமுனைக் கடைக்கும் காரில் போகிறவர். என்னிடம் வண்டி எதுவும் கிடையாது. வேர்த்து வழிய அவர் வீட்டு வாசலில் நான் போய் நிற்கும்போதெல்லாம், "என்ன மாப்ளே, இன்னைக்கும் நடராஜா சர்வீஸா?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்வார். கதையில் வண்டி இழுப்பதை ஒருமுறை காளை என்பார், இன்னொருமுறை எருமை என்பார். சிரிப்பதற்கென்றே சொல்கிற கதையில் என்ன உண்மை இருந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். கதைதான் என்னை விடவில்லை. அவர் சிரிக்கிற இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் வருகிறது என்பதுதான் வெகுநாள் பிடிபடவில்லை. அவருடைய சிரிப்பை எடுத்துவிட்டு எழுதினால் கதை இதுதான்.

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், நடப்பவர்களுக்கென்று தனிப் பெயர் எதுவும் இல்லை. எல்லோரும் நடந்தார்கள். மூச்சு விடுகிறவனை யாராவது 'மூச்சு விடுகிறவனே' என்று கூப்பிடுவார்களா?

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரை. அதுதான் ஒரே பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல முள் அடர்ந்த சரிவு. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் முள்ளில் இறங்கித்தான் ஆக வேண்டும். யார் இறங்குவது என்பதில் தினமும் தகராறு நடக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தகராறு இருந்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். யானை இறங்கி நிற்கும். புலி இறங்கி, மிதிபடாமல் வாலையும் சுருட்டிக்கொள்ளும். யாருக்கும் அதில் குறையில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் யாருடைய இடுப்பிலோ இருந்து அந்தக் கரையைக் கடந்தவர்கள்தானே.

அந்த ஊரில் மருதி என்று ஒருத்தி. அவளுடைய மகள் பூவிக்கு, நடக்கிற வயது தாண்டியும் கால் ஊன்றவில்லை. ஆற்று மணலில் குழி பறித்து, வெயில் ஏறிய மணலில் பிள்ளையை இடுப்பளவு புதைத்து நிற்க வைத்தால் கால் உரம் பெறும் என்றார்கள். ஆனால் நாள் தவறக் கூடாது. மருதி தவறவிடவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கி, மூத்தவளைத் தூக்க முடியாமல் போனபோதுதான், வாகை மரத்தை வட்ட வட்டமாக அறுத்து நான்கு சக்கரம் செய்தாள். மேலே ஓர் ஆசனம், பின்னால் தள்ளுவதற்கு ஒரு குறுக்குக் கட்டை.

உலகத்தின் முதல் சக்கரம் பாரம் ஏற்றுவதற்கோ சண்டைக்குப் போவதற்கோ உருண்டதல்ல. நடக்க முடியாத ஒரு குழந்தைக்காக உருண்டது. இதைச் சொல்லும்போது அத்தான்கூடச் சிரிப்பதில்லை.

வண்டி கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டு போகும். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே, "பூவி வர்றா, பூவி வர்றா" என்று எல்லோரும் சரிவில் இறங்கிவிடுவார்கள். நாளாக நாளாக நிமிர்ந்து பார்ப்பதும் நின்றுபோயிற்று. சத்தம் கேட்கும், கால் தானாக இறங்கும்.

ஊர்த்தலைவர் கோட்டையப்பனும் இறங்கியவர்தான். ஒருநாள் முள் தைத்த காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நேராக மருதியின் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, நாளைக்கு ஒரு பொழுது அந்த வண்டியைக் கொடு."

"பிள்ளையை மணலுக்குக் கொண்டுபோகணுமேங்க."

"இத்தனை நாளா நடக்காத காலு, ஒரு நாள்ல எங்கே ஓடிப்போயிடும்?"

மறுநாள் குழந்தையின் ஆசனத்தில் அவர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. செவலைக் காளையைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். மரத்தில் இருந்த காக்கைக்குத் தாங்கவில்லை.

"பெரியவருக்குப் பல்லு முளைச்சிருச்சா? தாலாட்டு யாரு பாடுறது?"

கரையில் வந்துகொண்டிருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். வழக்கம்போல் ஒதுங்கப் போனார்கள். காளைக்குப் பொறுக்கவில்லை. நின்று, தலையைத் தூக்கிக் கத்தியது.

"இறங்காதீங்க! உள்ளே பிள்ளை இல்லை! நல்லா வளர்ந்த ஆளு, காலு ரெண்டும் சுகமா இருக்கு!"

எல்லோரும் ஏறிட்டுப் பார்த்தார்கள். ஆசனத்தில் இருப்பது யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவ்வளவு பேரும் அப்படியே நின்றிருந்தால் வண்டி திரும்பியிருக்கும். கோட்டையப்பனே இறங்குவதற்கு ஒரு காலை வெளியே எடுத்துவிட்டார். அப்போது கூட்டத்தில் யாரோ ஒருவர் சரிவில் இறங்கினார். பக்கத்தில் நின்றவர் இறங்கினார். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். கோட்டையப்பன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வண்டி திரும்பி வரவில்லை. மருதி கேட்டுப் போனாள்.

"அது என் பிள்ளைக்குச் செஞ்சதுங்க."

"யாரு இல்லேன்னது? சக்கரத்தை எடுத்துக்கோ. ஆசனம் எனக்குப் பழகிப்போச்சு. பெரிய வண்டி செய்யச் சொல்லியிருக்கேன். மாதிரிக்கு ஒரு சக்கரம் மட்டும் தச்சர்கிட்ட இருக்கட்டும்."

மூன்று சக்கரமும் குறுக்குக் கட்டையும் அவளுக்குக் கிடைத்தன. காளையின் மூக்கைத் துளைத்துக் கயிறு போட்டார்கள். அதற்குப் பிறகு அது ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்த மற்ற மிருகங்களும் மனிதரோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

பெரிய வண்டி வந்தது. மேலே உட்கார்ந்து அதட்டுவதற்குக் கோட்டையப்பனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? "பாதசாரிகளே, ஓரம்!" என்றார். அதுவரை மருதியாகவும் கொல்லராகவும் நெசவாளராகவும் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைக்குள் அடங்கிப்போனார்கள். தங்களுக்கும் ஒரு பெயர் வந்துவிட்டதென்று சிலர் மகிழ்ந்தார்களாம். இந்த இடத்தில்தான் அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மருதி மூன்று சக்கரத்தின் மேல் அந்தக் கட்டையை நிறுத்தினாள். உட்கார இடமில்லை. பூவி கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுந்தாள், மறுபடியும் நின்றாள். மணலில் ஊறிய கால் மெல்ல மெல்ல உரம் பெற்றது. மழைக்காலம் முடிந்ததும், தானே தள்ளிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்து வந்தாள். பின்னால் மருதி, இடுப்பில் புதிதாகப் பிறந்த பிள்ளையோடு.

எதிரே பெரிய வண்டி.

"பாதசாரி, ஓரம்!"

மருதி நகரவில்லை. பழைய வழக்கப்படி, இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து, இரண்டு மடங்கு அவளுடைய வழி அது. காளை அவளைப் பார்த்து நின்றுவிட்டது. கயிறு இழுபட்டு மூக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் நின்றது. மருதி திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் ஏற்கெனவே சரிவில் இருந்தார்கள். முள்ளுக்குள் நின்றுகொண்டே சொன்னார்கள்: "எதுக்கு வம்பு மருதி? இறங்கிடேன்."

அவள் இறங்கினாள். ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, முள்ளுக்குள்.

குழந்தையின் நடைவண்டிக்கு மூன்று சக்கரம் மட்டும் இருப்பதும், அதில் ஆசனம் இல்லாததும், நடக்கிறவருக்குப் பாதசாரி என்று பெயர் வந்ததும், வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளே யார் என்று பாராமல் நம் கால் ஓரத்துக்குப் போவதும் அந்த நாட்களில் தொடங்கியவைதான்.

போன மாதம் என் மகள், தன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அத்தான் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நானும் கூட நடந்தேன். நடைபாதை முழுக்கக் கார்கள் நின்றிருந்தன. ரோட்டில் இறங்கித் தள்ளினோம். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவளை முந்திக்கொண்டு நான் வண்டியைச் சாக்கடை ஓரம் இழுத்தேன். வீட்டு வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு அத்தானின் கார் நின்றது. உள்ளே போனதும் அவர் கதையை ஆரம்பித்தார். காளை கத்துகிற இடம் வந்தபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் குறுக்கே பேசினேன்.

"அத்தான், உள்ளே பிள்ளை இல்லைன்னு காளை சொல்லிடுச்சு. எல்லாரும் ஏறிட்டுப் பார்த்தும் ஆச்சு. அதுக்கப்புறமும் முதல்ல முள்ளுல இறங்கினானே ஒருத்தன், அவன் யாரு? எங்க வீட்டு ஆளா?"